ஏழுமலை கையில் இருந்த சாவி

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. கணக்கு இடிக்கிறதே என்று யாரும் விரல் விட்டு எண்ண வேண்டாம். அந்த ஐந்தாவது பிள்ளையைப் பற்றித்தான் இந்த வாரம்.

வேறு ஒன்று சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு மனிதர் அதைக் கெடுத்துவிட்டார். போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் சொல்லி வந்ததைப் படித்தாராம். திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"இன்னா பச்சையம்மா, ஊர்ல எல்லாரப் பத்தியும் சொல்லிகினு வர. தண்ணியப் போட்டுட்டு ஸ்டேஷன்கிட்ட செத்தானே உங்க வூட்டுப் பையன், அவன் கதையும் வருமா?"

வரும் என்றேன். இதோ வந்துவிட்டது. அந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கட்டும்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். எங்கேயோ ரசம் மணக்கிறது. சுவரோரம் தள்ளுவண்டிப் படுக்கையில் என் பிள்ளை ஏழுமலை கிடக்கிறான். ஒரு பக்கக் கன்னம் முழுக்க மணல். மூக்குத் துவாரத்தில் மணல். உதட்டின் உள்ளே மணல். சாம்பல் நிற கம்பெனிச் சட்டையின் மேல் பொத்தான் அறுந்து தொங்குகிறது. வலது கை மட்டும் இறுக்க மூடியிருக்கிறது.

"கைய இப்பவே பிரிச்சி வுடும்மா. அப்பால வெறச்சிப் போயிடும்" என்றான் அங்கே வேலை செய்கிற ஆள். நல்லவன்தான். ஆனால் அடுத்த வார்த்தை இப்படி வந்தது. "கொண்டாந்து போட்டவங்க குடிச்சிட்டு வுழுந்த கேசுன்னு சொல்லிட்டுப் போனாங்க."

நான் குனிந்தேன். என் பிள்ளையின் வாயில் என் மூக்கை வைத்து முகர்ந்தேன். ஒரு தாய் தன் பிள்ளையை அந்த மாதிரி முகர்ந்து பார்க்க வைத்தார்களே, அதை நான் மன்னிக்கவே மாட்டேன். மணல் வாசனை. அதற்குக் கீழே நான் கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தின் புளிப்பு. வேறு ஒன்றும் இல்லை. பின்னால் வந்த டாக்டரம்மாவும் அதையே சொன்னார். சாராயமும் இல்லை, ஒன்றும் இல்லை, முகம் மண்ணில் புதைந்து மூச்சு அடைத்திருக்கிறது என்றார்.

அப்புறம் விரல்களைப் பிரித்தேன். உள்ளங்கையில் ஒரு சாவி. பழைய இரும்புச் சாவி. அதன் காதில் வாழைநார் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு சாவியே கிடையாது.

இரும்பும் நெருப்பும்

ஏழுமலை என் நாத்தனார் பிள்ளை. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது அந்த நாத்தனார் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் நான்தான் சோறு ஊட்டினேன். கட்டிக் கொடுத்த இடத்தில் ஏதோ காய்ச்சலில் போய்விட்டாள். பையனுக்கு நடை பழகுகிற வயது.

பள்ளிக்கூடத்தில் காலையில் வரிசையாக நிற்க வைத்துப் பாட்டுப் பாடுவார்களே, அங்கேதான் அவனுக்கு முதல் முறை வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளி. கீழே விழுந்த பிள்ளையைப் பார்த்து மற்ற பிள்ளைகள் ஓடின. அது பிள்ளைகள், ஓடட்டும். வாத்தியாரும் ஓடினார்.

எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தவன் கையில் இரும்பு கொடுப்பார்கள். சாவிக்கொத்து, அரிவாள், கரண்டிக் காம்பு, கையில் எது கிடைக்கிறதோ அது. இரும்பைப் பிடித்தால் நின்றுவிடும் என்று நம்பிக்கை. வலிப்பு தானாக வரும், தானாகக் கொஞ்ச நேரத்தில் நிற்கும். நின்றது இரும்பால்தான் என்று எல்லாருக்கும் ஒரு திருப்தி. விரலை நெம்பித் திணித்து அவன் உள்ளங்கையில் காயம் ஆறாமலே இருந்தது.

அவன் அப்பன் அதோடு விடவில்லை. எவனோ சொன்னான் என்று கம்பியைக் காய்ச்சி நெற்றியில் சூடு வைத்தான். இரும்பைப் பிடித்து நிற்காதது சுட்டால் நிற்கும் என்று நினைப்பு. எனக்கு அந்தச் சேதி வந்தபோது வடித்துக்கொண்டிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். போய், அவன் அப்பன் கண் எதிரிலேயே பையனைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். இடுப்பில் வைக்கிற வயது தாண்டிய பையன், கால் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. அப்படியே பஸ் ஏறிக் கொண்டுவந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. "வேளை தவறக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, அவ்வளவுதாம்மா. மத்தபடி எல்லாப் பிள்ளையும் மாதிரி வளரும்" என்றார் அங்கிருந்த டாக்டர். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் அவர்தான் காட்டினார். ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் திணிக்காதே. தலைக்கு அடியில் துணியை மடித்து வை. நிற்கிற வரைக்கும் பக்கத்தில் இரு. வேறு வித்தை எதுவும் இல்லை.

என் வீட்டுக்காரர் வல்லக்கோட்டை முருகனுக்கும் வேண்டிக்கொண்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் கூட்டிப்போனேன். சந்நிதியில் நின்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் என் பிள்ளை கேட்டான். "அத்தை, அவரு கையில கூட வேல் குடுத்து வெச்சிக்கிறாங்களே. அவருக்கும் வருமா?"

வீட்டுக்காரர் வாயைப் பொத்தினார். அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன்.

சொல்லிவைத்த பிள்ளை

ஐடிஐ முடித்தான். ஒரகடம் பக்கம் காருக்குக் கதவுத் தகடு அடிக்கிற கம்பெனியில் சேர்ந்தான். அடித்து வருகிற தகட்டை உறை போட்ட கையால் தடவிப் பார்த்து, எங்கே பள்ளம் எங்கே மேடு என்று சொல்கிற வேலை. மிஷின் பக்கமே போக வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சொட்டையைக் கை சொல்லும் என்பான். வீட்டில் என் எவர்சில்வர் குடத்தைக்கூடத் தடவிப் பார்த்து, "இது ரிஜெக்ட் அத்தை" என்பான்.

"நாள் பூரா இரும்பத்தான் புடிச்சிகினு கீறேன். இரும்பு புடிச்சா வலிப்பு வராதுன்னா, ஷிப்டுல மட்டும் எனக்கு வரவே கூடாது" என்று சொல்லிச் சிரிப்பான். தன் நோயை வைத்துத் தானே சிரிக்கத் தெரிந்த பிள்ளை.

அவனுக்கு அங்கே முத்துராஜ் என்று ஒரு கூட்டாளி. தென்காசிப் பக்கத்துப் பையன். என்னுடைய வாடகை ரூமில் ஒன்றில்தான் குடியிருந்தான், இன்றும் இருக்கிறான். நிலம் கம்பெனிகளுக்குப் போன பிறகு நான் கட்டிவிட்ட ரூம்கள் அவை.

சேர்ந்த புதிதிலேயே ஏழுமலை தன் லைனில் இருந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டான். எனக்கு வலிப்பு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன், எப்பவாவது வந்தால் இப்படிச் செய்யுங்கள் என்று. சூப்பர்வைசரிடமும் சொல்லிப் பகல் ஷிப்ட் கேட்டு வாங்கினான். இதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அவன் புத்தி.

ரொம்ப நாள் வரவே இல்லை. அப்புறம் ஒரு நாள் கேன்டீனில் வந்தது. முத்துராஜ் வந்து சொன்னான்.

"ஆச்சி, பதறாதீங்க. சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது வந்துச்சு. மேசைய நாங்க தள்ளிட்டோம்லா. சரிச்சுப் படுக்க வச்சு, தலைக்கு என் சட்டைய மடிச்சு வச்சேன். அவன் சொன்னாப்பலயே செஞ்சோம். எந்திரிச்சு முகத்தக் கழுவிட்டு, 'என் முட்டைய எவம்ல தின்னது'ன்னு கேக்கான்."

முட்டையைத் தின்றது முத்துராஜ்தானாம்.

பாருங்கள், இவ்வளவு சின்ன விஷயம். தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் ஒரு முட்டைக் கதையோடு முடிகிற விஷயம். சட்டை மடித்து வைக்கத் தெரிந்த ஒரு கூட்டாளி போதும்.

ஆனால் கேன்டீனில் வேறு கண்களும் இருந்தன. மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். இனிமேல் வர வேண்டாம் என்றார்கள்.

கேட்டுக்கு வெளியே

நான் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். பலகையில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்தை நான் படித்ததும் இல்லை. ஆனால் அந்த இடம் எனக்குத் தெரியும். கேட் இருக்கிற இடத்தில் எங்கள் கிணற்று மேடு இருந்தது. அந்தப் பக்கம் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகை இருக்கிறதே, அங்கே வேர்க்கடலை போடுவோம். பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. கடலையில் என்ன பெரிய பெருமை, பாதி பன்றி தின்றுவிடும். கேட்டுக்கு வெளியே வெயிலில் என்னை நிறுத்தி வைத்தார்களே, அதற்காகச் சொல்கிறேன்.

வாசலில் இருந்த காவல்காரப் பையன் வடக்கே எங்கிருந்தோ வந்தவன். தமிழ் வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். அந்தக் கம்பெனியில் எனக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

ரொம்ப நேரம் கழித்துக் கழுத்தில் அட்டை தொங்க ஒரு தம்பி வந்தார். என் கடைசிப் பேரன் வயதிருக்கும்.

"பாட்டிம்மா, இது கம்பெனி ரூல். நாளைக்கு மிஷின்ல கை போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"அவன் மிஷின்கிட்டயே போவலியே தம்பி. தடவிப் பாக்குற வேலதான?"

"இருந்தாலும் ரிஸ்க்."

"அவன் தடவி அனுப்புன கதவு எதுனா திரும்பி வந்துச்சா?"

"வேலைல குறை சொல்லல. நல்ல பையன்தான்."

"திங்கக்கெழம காலையில கண்ணு செவக்க, நாத்தம் அடிக்க வர்றவன் எத்தினி பேரு உள்ள கீறான். எங்க ரூமுலயே கீறாங்க, எனக்குத் தெரியாதா? அவங்க மிஷின்ல நிக்கிறாங்க. அது ரிஸ்க்கு இல்லியா?"

தம்பி வாட்சைப் பார்த்தார். "அவர் முன்னாடியே சொல்லாம இருந்திருந்தா எங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப ஊருக்கே தெரிஞ்சிடுச்சு. நாங்க இன்னா பண்றது?"

அந்த வார்த்தையை நான் இன்றைக்கும் மென்றுகொண்டிருக்கிறேன். மறைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று ஒரு படித்த பிள்ளை கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குச் சொல்லிக் கொடுக்கிறார். நான் ஸ்டூலை எடுத்துக் காவல்காரப் பையன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வாயைத் திறக்காதே

அடுத்த வேலையை ஒரு கான்ட்ராக்டர் பிடித்துக் கொடுத்தார். வேறு கம்பெனி. சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷனில் இருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்வர வேண்டும். அட்டைப் பெட்டி அடுக்குகிற வேலை. தகட்டைத் தடவிச் சொட்டை கண்டுபிடித்த கைக்கு அட்டைப் பெட்டி.

கான்ட்ராக்டர் என் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு, இறங்காமல் சொன்னார். "தோ பாரு ஏழுமல, நோயி நொடின்னு எவன்கிட்டயும் வாயத் தொறக்காத. எப்பனா வுழுந்தீன்னா வெயில் மயக்கம்னு சொல்லிக்கோ. என் பேரக் கெடுத்துடாத."

அவர் போன பிறகு, "ஒருத்தன்கிட்டயாவது சொல்லி வைடா. முத்துராஜ் மாதிரி ஒருத்தன் எங்கயும் இருப்பான்" என்றேன்.

"அங்க சொன்னேன், வேல போச்சு. இங்க சொல்லாம இருந்து பாக்குறேன் அத்தை." இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

அங்கே அவன் காலை மாத்திரையைக் கக்கூசுக்குள் நின்று, குழாய்த் தண்ணீரில் முழுங்கினானாம். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று. திருடியதைத் தின்கிற மாதிரி. மருந்தை ஒளித்துச் சாப்பிட வைத்த ஊர் இது. இந்த ஊரில் சாராயக் கடைக்கு மட்டும் ரோட்டுமேல் வெளிச்சம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பகல் ஷிப்ட் கேட்க முடியாது. கேட்டால் ஏன் என்பார்கள். அந்த நாளுக்கு முந்தின ராத்திரி வேலைக்குப் போனவன், மாற்ற வர வேண்டிய ஆள் வராததால் காலையிலும் நிறுத்தி வைக்கப்பட்டான். தூக்கம் கெடக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிள்ளை. முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. அந்த வாயைத்தான் கட்டிவிட்டார்களே. பதினோரு மணி வாக்கில் ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷன் வந்து இறங்கினான். பத்தடி நடந்திருப்பான்.

உண்மையைச் சொன்னதற்கு வேலையைப் பிடுங்கினார்கள். மறைக்கச் சொல்லி உயிரைப் பிடுங்கினார்கள். இதை நான் யாரிடம் போய் முறையிடுவது? வெயில் மயக்கம் என்று சொல்லக்கூட அவனுக்கு அன்றைக்கு நேரம் கிடைக்கவில்லை.

வாழைநார்

துக்கத்துக்கு வந்தவர்களே பந்தலில் உட்கார்ந்துகொண்டு, "இந்த வயசுல குடி எங்க கொண்டு போய் வுட்டுச்சு பாரு" என்று பேசினார்கள். என் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். "பெத்தவ மாதிரி வளத்தவ, அப்பிடித்தான் சொல்லுவா" என்று என்னைத் தட்டிக் கொடுத்தார்கள். தட்டிக் கொடுத்ததுதான் இன்னும் எரிகிறது.

காரியம் முடிந்த மறுநாள் முத்துராஜை வண்டி எடுக்கச் சொன்னேன். அந்தச் சாவி என் மடியில் இருந்தது.

ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில் வேப்பமரம், டீக்கடை, கரும்புச் சாறு வண்டி. ரோட்டோரம் மணல். இங்கேதானா என்று முத்துராஜிடம் கண்ணால் கேட்டேன். தலையாட்டினான். ஆட்டோக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு இங்க ஒரு பையன் வுழுந்தானே. பாத்தவங்க யாரு?"

 வயதில் பெரியவர் ஒருவர் சொன்னார். "தப்பா நெனைக்காத ஆயா. பக்கத்துலயே கடை கீது. யூனிபாரத்தோட தினம் எவனாவது மட்டையாவுறான். தூக்கப் போனா வாந்தி எடுக்குறான், சண்டைக்கி வர்றான். நாங்க இன்னாத்தக் கண்டோம்?"

நான் அவரை விட்டுவிட்டு வாழைநாரைத் தேடினேன். சாவியில் வாழைநார் கட்டுகிறவள் பூக்காரியாகத்தான் இருக்க வேண்டும். மரத்துக்கு அந்தப் பக்கம் கூடையை வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்தாள்.

சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அழவும் இல்லை. குரல் மட்டும் அடங்கிப் போயிருந்தது.

"எங்க வூட்டுச் சாவிதாம்மா அது. நாந்தான் வெச்சேன்."

அவள் பெயர் அஞ்சலை. அவளுடைய அண்ணனுக்கு வலிப்பு உண்டாம். சின்ன வயதிலிருந்து பார்த்தவள். என் பிள்ளை விழுந்து கை கால் இழுத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"டேய், இது குடி இல்லடா, வலிப்புடான்னு கத்துனேன்மா. எவன் கேட்டான்? நான் மடியிலேர்ந்து சாவிய எடுத்துகினு ஓடுறேன், இங்க ஒருத்தன் சொல்றான், 'யக்கா, அவன் கைக்கு சாவி எதுக்கு, ஒரு கிளாஸக் குடு'ன்னு. எல்லாம் சிரிச்சாங்க."

ஆட்டோக்காரர்களில் ஒருவன் குனிந்து டயரைப் பார்க்க ஆரம்பித்தான்.

"நீ புரட்டிப் போட்டிருக்கலாமேம்மா" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.

"எனக்கு யாரு சொன்னா? எங்கம்மா இரும்புதான் வெக்கும். நானும் வெச்சேன். வெச்சதும் நின்னுடுச்சு." அவள் என் முகத்தையே பார்த்தாள். "இழுப்பு நின்னுடுச்சும்மா. சாவி வேல செஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். எங்கண்ணன் நின்னதும் தூங்கும். அதுமாரி தூங்குதுன்னு நெனச்சேன். பஸ்ஸு வந்துச்சு, பூ கேட்டாங்க, நான் இப்பிடி வந்துட்டேன். எந்திரிச்சி வந்து குடுக்கும்னு பாத்துகினே இருந்தேன்."

 அன்றைக்கு அந்த இடத்தில் இருந்த அத்தனை பேரில் கிட்டே போனவள் இவள் ஒருத்தி. தெரிந்ததைச் செய்தாள். தெரிந்தது தப்பாக இருந்தது. அவளுக்குச் சரியானதைச் சொல்லியிருக்கக் கூடியவன் ஒருவன்தான் இருந்தான். தினமும் அவள் கூடையைத் தாண்டி நடந்து போனவன். அவன் வாயைத்தான் கட்டி வைத்திருந்தார்கள்.

அஞ்சலை எழுந்தாள். ஆட்டோக்காரர்கள் பக்கம் திரும்பினாள். அவள் கேட்டதைத்தான் ரேஷன் கடை மனிதருக்காக இங்கே அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன்.

"குடிச்சிட்டுக் கெடக்குறவன் கையில எவளாச்சும் வூட்டுச் சாவிய வெப்பாளா? அன்னிக்கு நான் வூட்டுக்குப் போயி கல்ல எடுத்து பூட்ட ஒடச்சிகினு உள்ள போனேன். குடிகாரனுக்காடா ஒடச்சேன்?"

 கரும்புச் சாறு வண்டிக்காரர் மிஷினை நிறுத்திவிட்டார்.

இரும்பு எந்த வலிப்பையும் நிறுத்தாது. என் ஆயுள் முழுக்க அதைச் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் என் பிள்ளை குடித்துவிட்டு விழவில்லை, அவனுக்கு வலிப்பு வந்தது, அதை ஒருத்தி கண்ணால் கண்டாள் என்பதற்கு அந்த இரும்புத் துண்டுதான் சாட்சி.

நான் முத்துராஜைப் பார்த்தேன். நான் கேட்காமலே அவன் போய் அந்த மணலில் குப்புறப் படுத்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்து இழுத்தேன். எழுபதைத் தாண்டிய கை. ஒரு கட்டுமஸ்தான பிள்ளையை ஒரு மூச்சில் ஒருக்களித்துத் திருப்பிவிட்டது.

"இவ்ளோதாண்டா" என்றேன். "இதுக்குப் படிப்பு வேணாம், பலம் வேணாம். அவன் குடிச்சிருந்தா கூட இதச் செய்யலாம். குடிகாரன் மூக்குலயும் மூச்சுதான் வருது."

டயரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் வந்து முத்துராஜின் சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டான். தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். மன்னித்தேன் என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

சாவியை மறுபடி அஞ்சலையிடம் நீட்டினேன். "அதுக்குப் பூட்டு இல்லம்மா இப்ப" என்றாள். மடியில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

என்ன பெயர் போடுவது

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, பேத்தி திவ்யா செல்போனில் தட்டிக்கொண்டே வந்தாள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் பலகை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். அவள்தான் நான் பேசுவதை நேர்த்தியாக எழுதி அனுப்புகிறவள்.

சமையல்கட்டிலிருந்து என் மருமகள் வந்து நின்றாள். கையில் கரண்டி. மெதுவாகத்தான் பேசினாள்.

"அத்தை, எல்லாம் சரி. அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்திடுங்க. நெஞ்சு வலின்னு போட்டுடலாம். ஞாயித்துக்கெழம திவ்யாவப் பாக்க வர்றாங்க. புக்குல படிச்சிட்டு, வூட்டு ரத்தத்துலயே கீது போலன்னு நெனச்சிட்டாங்கன்னா?"

"குடிச்சான்னு சொல்றாங்களே. அது பரவால்லியா உனக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள். "குடின்னா பொண்ணுக்கு வராதே அத்தை."

அவள் கெட்டவள் இல்லை. ஏழுமலைக்குப் பல நாள் சோறு போட்டவள், அவன் போனபோது மார்பில் அடித்துக்கொண்டு அழுதவள். அவளே இப்படிச் சொல்கிறாள் என்றால் இந்த ஊர் அவளை எப்படிப் பயமுறுத்தி வைத்திருக்கிறது பாருங்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பி சொன்னதும் இதுதான். வண்டியை விட்டு இறங்காத கான்ட்ராக்டர் சொன்னதும் இதுதான். இப்போது என் வீட்டுச் சமையல்கட்டிலிருந்து வருகிறது.

நான் திவ்யாவைக் கேட்டேன். "கல்யாணம் உனக்கு. நீ சொல்லு."

அவள் செல்போனைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் மாற்று என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"படிச்சிட்டு வராம போனா போவட்டும் ஆயா" என்றாள். "வர்றவங்க தெரிஞ்சிகினே வரட்டும். அது எங்க மாமா."

மருமகள் உள்ளே போனாள். அடுப்பை நிறுத்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். இப்போது உட்கார்ந்துதான் இருக்கிறாள்.

திவ்யா, இது வரைக்கும் அடித்ததை முதலிலிருந்து படி. உங்கம்மாவுக்கும் கேட்கிற மாதிரி படி. வலிப்பு என்று வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தாதே.